பதக்கத்தில் உள்ள பெயர் அழியாமல் இருக்கட்டும்



சென்ற மாதங்களில் வீட்டுத்தோட்டம், சேமிப்பு, பிள்ளைகளின் உணவு என்று பலதும் பேசினோம். இம்மாதம் உக்குவளைச் சகோதரிகள் சிலர் கேட்டுக்கொண்டபடி வேறொரு விடயத்தை எடுத்துக்கொள்கிறோம். வீட்டில் இருக்கும் விளையாட்டுப் பதக்கங்கள், கிண்ணங்கள், சான்றிதழ்கள், அணிப் படங்கள் ஆகியவற்றைப் பழுதாகாமல் எப்படிப் பேணுவது என்பதே அது.

"சோற்றுக்கே வழி தேடும்போது பதக்கத்தைப் பேணுவதா?" என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எமது சகோதரிகளில் பலருக்குக் கணவரின் அல்லது மகனின் பெயர் பொறித்த பொருள் என்று மிஞ்சியிருப்பது ஒரு பாடசாலைப் பதக்கம் மாத்திரமே. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் படம் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள், அங்கிருந்தும் 2009 வரை ஓடிக்கொண்டே இருந்தன. அவர்களில் சிலர் உறவினரைத் தேடி மீண்டும் மாத்தளைப் பக்கம் வந்தபோது கையில் ஒரு பை மட்டுமே இருந்தது. 1983 ஜூலையில் மாத்தளை நகரம் எரிந்ததைக் கண்ட மூத்த சகோதரிகளுக்கும் இந்தக் கதை புதிதல்ல. அப்படி மிஞ்சி வந்த ஒரு பொருளைக் கவனமின்மையால் இழப்பது இரண்டாவது இழப்பு.

எம்மிடம் வந்த ஒரு தாயாரின் அனுபவத்தைச் சொல்கிறோம். காணாமல் போன மகன் கரப்பந்தாட்டத்தில் பெற்ற பதக்கம் கறுத்துப் போயிற்று என்று, புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கு துலக்குவது போலத் துலக்கினார். பதக்கம் இரண்டு நாள் மினுங்கியது. மூன்றாம் நாள் மஞ்சள் முலாம் திட்டுத்திட்டாகக் கழன்று உள்ளே சாம்பல் நிற உலோகம் தெரிந்தது. மெல்லிய கோடாகப் பொறித்திருந்த மகனின் பெயரில் பாதி எழுத்துகள் தேய்ந்துவிட்டன. அந்தத் தாய் செய்தது தவறல்ல, அன்பினால் செய்தார். ஆனால் முன்னரே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பெயர் முழுமையாக இருந்திருக்கும். ஆகவேதான் இதை எழுதுகிறோம்.

ஒலிம்பிக் பதக்கமும் கறுக்கும்

பதக்கம் கறுப்பது உங்கள் கவனக்குறைவால் அல்ல. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வென்ற அமெரிக்க ஸ்கேட்போர்ட் வீரர் நைஜா ஹூஸ்டன், சில நாட்களிலேயே தன் பதக்கம் நிறம் மாறி உரிந்துபோனதைப் படம் எடுத்து உலகத்துக்குக் காட்டினார். அவருக்குப் பின் வேறு பலரும் முறையிட்டனர். பழுதான பதக்கங்களைப் பாரிஸ் நாணயசாலை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. உலகத்தின் பெரிய விளையாட்டு விழாவிலேயே அப்படியென்றால் எமது பாடசாலைப் பதக்கத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

பாடசாலைகளிலும் கழகங்களிலும் கொடுக்கப்படும் பதக்கங்களில் பெரும்பாலானவை தங்கமோ வெள்ளியோ அல்ல. மலிவான கலப்பு உலோகத்தின் மேல் மிக மெல்லிய முலாம் பூசியிருப்பார்கள். தேய்த்தால் முதலில் போவது அந்த முலாம்தான். உண்மையான வெள்ளியாக இருந்தால் காற்றிலுள்ள கந்தகம் அதில் பட்டுக் கறுக்கும். அந்தக் கறுப்பை ஒவ்வொரு முறை தேய்த்து எடுக்கும்போதும் வெள்ளியில் ஒரு படையும் சேர்ந்து போகிறது. எனவே முதலாவது விதி இதுதான்: மினுக்கம் முக்கியமல்ல, பெயரும் ஆண்டும் முக்கியம்.

பதக்கங்களைப் பேணும் முறை:

1. கைகளைக் கழுவித் துடைத்த பின், பதக்கத்தின் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். விரலில் உள்ள வியர்வையும் உப்பும் உலோகத்தில் தடம் பதிக்கும்.

2. பழைய பருத்தித் துணியால், ஈரம் இல்லாமல், மெதுவாகத் தூசியை ஒற்றி எடுங்கள். எழுத்துகளுக்கு இடையில் உள்ள தூசிக்கு மென்மையான புதிய வர்ணத் தூரிகை போதும். புளி, தேசிக்காய், சாம்பல், பற்பசை, கடையில் விற்கும் மினுக்கும் திரவம் எதுவும் வேண்டாம்.

3. பித்தளை, செம்புப் பொருட்களில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தால், ஈர்க்கின் மழுங்கிய முனையால் அல்லது பல் குத்தும் குச்சியால் மெதுவாகத் தட்டி எடுக்கலாம். ஊசி, பிளேட் பாவிக்க வேண்டாம்.

4. இரும்புப் பகுதியில் கறள் இருந்தால் உலர்ந்த தூரிகையால் உதிரக்கூடியதை உதிர்த்துவிட்டு, தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயில் ஒரு துளியைத் துணியில் தொட்டு மிக மெல்லிதாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். எந்த எண்ணெயும் நாடாவில் படக்கூடாது.

5. பதக்கத்தின் நாடாவை நனைக்காதீர்கள். சிவப்பும் நீலமும் ஒன்றோடொன்று கலந்து ஓடும். அழுக்கானாலும் அது அவர் கழுத்தில் கிடந்த நாடா. அப்படியே இருக்கட்டும்.

6. இறப்பர் பட்டி போட்டுக் கட்ட வேண்டாம். இறப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். செய்தித்தாளில் சுற்றுவதும் நல்லதல்ல, அதில் அமிலம் உண்டு. நாளடைவில் பிசுபிசுக்கும் தடித்த பிளாஸ்ரிக் உறைகளும் உலோகத்தைக் கெடுக்கும். கஞ்சி போடாமல் துவைத்துக் காயவைத்த வெள்ளைப் பருத்தித் துணியே போதும். ஒவ்வொரு பதக்கத்தையும் தனித்தனியாகச் சுற்றுங்கள். ஒன்றோடொன்று உரசினால் கீறல் விழும்.

கிண்ணமும் கேடயமும்

கிண்ணம் நெளிந்திருந்தால் தட்டி நிமிர்த்த முயல வேண்டாம். மெல்லிய தகடு வெடித்துவிடும். அடிப்பாகம் ஆடினால் கீழே உள்ள திருகாணியை மெதுவாக இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கழன்று விழுந்த பெயர்த்தகட்டை எறிந்துவிடாதீர்கள். ஒரு கடித உறையில் போட்டு, எந்தக் கிண்ணத்துக்கு உரியது என்று எழுதி, கிண்ணத்தோடு சேர்த்து வையுங்கள். மரக் கேடயத்தில் மீண்டும் ஒட்டுவதென்றால் தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசையில் சிறிதளவு போதும். உடனே ஒட்டும் பசை மரத்திலும் தகட்டிலும் வெண்படலம் விடும். பிறகு எடுக்கவும் முடியாது.

மரக் கேடயத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டினால் மழைக் காலத்தில் பின்புறம் பூஞ்சணம் பிடிக்கும், கறையானும் ஏறும். பின்னால் இரண்டு சிறு தக்கைத் துண்டுகளை வைத்துச் சுவருக்கும் கேடயத்துக்கும் இடையில் காற்றுப் போக இடம் விடுங்கள். அடுப்படிச் சுவர் வேண்டாம். புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் எல்லாவற்றையும் மூடிவிடும்.

சான்றிதழை இலமினேற் செய்யலாமா?

பலரும் கேட்கும் கேள்வி இது. விடை: வேண்டாம். சூட்டில் ஒட்டும் பிளாஸ்ரிக்கைப் பின்னர் பிரிக்க முடியாது. உள்ளே ஈரம் இருந்தால் அது உள்ளேயே தங்கிக் கடதாசியைக் கெடுக்கும். மூலப் பிரதியை அதிகாரிகள் பரிசோதிக்க வேண்டிய இடத்திலும் சிக்கல் வரலாம். பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டில் சிறந்தவர்களுக்கென விசேட ஒதுக்கீடு உண்டு. படிக்கும் மகளின் மாகாண, தேசிய மட்டச் சான்றிதழ்கள் நாளை அவளுக்குப் பயன்படும். இவை நினைவுப் பொருள் மட்டுமல்ல, எதிர்காலத்துக்கான பத்திரமும் ஆகும்.

சான்றிதழைக் கோப்பில் தட்டையாக வைத்து, இரண்டு வெள்ளைக் கடதாசிகளுக்கு இடையில் பாதுகாப்பதே எளிய வழி. ஊசி, கிளிப் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அவற்றின் கறள் கடதாசியைத் துளைக்கும். கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்டினால் சில வருடங்களில் ரேப் உதிரும், மஞ்சள் கறை மட்டும் நிலைக்கும். கட்டாயம் ஒட்டத்தான் வேண்டுமென்றால், பின்பக்கத்தில் மெல்லிய ரிசு கடதாசியை, நன்றாகக் காய்ச்சி வடித்த மைதாப் பசையால் இலேசாக ஒட்டி, மேலே பாரம் வைத்து ஒரு நாள் உலர விடுங்கள். பசை கூடினால் வெள்ளிமீன் எனப்படும் பூச்சி தேடி வரும். ஆகவே பசை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

எமது ஊர் மழை

கடதாசிக்கும் துணிக்கும் பெரிய எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உக்குவளைப் பக்கம் சுவரே வியர்க்கும். இரும்பு றங்குப்பெட்டியைச் சீமெந்து நிலத்தில் நேரடியாக வைக்காமல் இரண்டு கட்டைகளின் மேல் தூக்கி வையுங்கள். மழை விட்ட நல்ல வெயில் நாளில் பெட்டியைத் திறந்து நிழலில் காற்றாட விடுங்கள். பொருட்களை நேர் வெயிலில் காயப்போட வேண்டாம், நிறம் மங்கும். காலணிப் பெட்டிகளிலும் மருந்துப் போத்தல்களிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் சேர்த்துப் பெட்டியின் மூலையில் போடலாம். சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சி உருண்டைகளைப் பதக்கத்திலோ படத்திலோ படும்படி வைக்கக் கூடாது.

2025 நவம்பரில் டித்வா புயலின் மழையும் மண்சரிவும் மாத்தளை மாவட்டத்தையும் தாக்கின. அவ்வாறான நேரங்களில் உயிர்தான் முதலில். ஆனாலும் முக்கியமான பத்திரங்களையும் இரண்டொரு படங்களையும் ஒரு சிறு தண்ணீர் புகாத பைக்குள் முன்கூட்டியே கட்டி வைத்தால், ஓடும்போது எடுத்துக்கொண்டு போகக் கூடியதாக இருக்கும். இடம்பெயர்ந்து பழகிய எமக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நினைவூட்டினால் போதும்.

நனைந்த அணிப் படம்

பாடசாலை அணிப் படம் பலருக்கு மிக முக்கியமானது. சில வேளைகளில் மகனின் முகம் தெரியும் ஒரே படம் அதுவாகவே இருக்கும். இரண்டாவது வரிசையில், இடமிருந்து நான்காவதாக நிற்கும் பிள்ளை.

படம் நனைந்துவிட்டால் 48 மணித்தியாலங்களுக்குள் கவனிக்க வேண்டும். அதன் பின் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். ஒன்றோடொன்று ஒட்டிய படங்களைக் காயவைத்துவிட்டுப் பிரிக்க முயன்றால் முகங்கள் உரிந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டு, தாமாகப் பிரிய விடுங்கள். படத்தின் மேற்பரப்பை விரலாலோ துணியாலோ தேய்க்க வேண்டாம். பிறகு முகம் மேலே இருக்கும்படி, நிழலில், சுத்தமான துணியின் மேல் பரப்பி உலர்த்துங்கள். இது கலையகத்தில் கழுவிய பழைய படங்களுக்கான முறை. கணினி அச்சுப்பொறியில் எடுத்த படத்தை நீரில் போட்டால் மை கரையும். அதை அப்படியே உலர்த்துவதே நல்லது.

2011 இல் ஜப்பானைத் தாக்கிய சுனாமிக்குப் பின், சேற்றிலிருந்து பொறுக்கிய இலட்சக்கணக்கான குடும்பப் படங்களைத் தொண்டர்கள் இந்த விதமாகவே கழுவிக் காயவைத்து உரியவர்களிடம் சேர்த்தார்கள். அவர்கள் பாவித்ததும் பெரும்பாலும் தண்ணீர், தட்டு, மென்மையான தூரிகை, பொறுமை ஆகியவைதான்.

சட்டகக் கண்ணாடியில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிடுங்க வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே கைத்தொலைபேசியில் படம் எடுத்து, அந்தப் பிரதியை அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

சேட்டும் மட்டையும் பந்தும்

இல்ல விளையாட்டுப்போட்டியில் அணிந்த சேட்டை எடுத்துத் துவைக்க நினைப்போம். துவைக்கும் முன் ஒருமுறை யோசியுங்கள். துவைத்த பிறகு அந்த வாசம் திரும்பி வராது. கறையும் ஒரு நினைவுதான் என்று ஒரு சகோதரி சொன்னார். அதே நேரம், ஈரமும் உணவுக் கறையும் உள்ள துணியைப் பூச்சி தின்னும் என்பதும் உண்மை. துவைப்பதா, வைப்பதா என்று தீர்மானிப்பது உங்கள் உரிமை. துவைப்பதானால் குளிர்ந்த நீரில், மிதமான சவர்க்காரத்தில், பிழியாமல் அலசி நிழலில் உலர்த்துங்கள். எண்ணோ பெயரோ அச்சிட்ட சேட்டு என்றால் இடையில் வெள்ளைக் கடதாசி வைத்துச் சுருட்டி வையுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்காக இருந்தால் அந்த மடிப்பிலேயே அச்சு வெடிக்கும்.

கிறிக்கெற் மட்டையில் கையொப்பம் இருந்தால் எண்ணெய் பூச வேண்டாம், மை கலைந்துவிடும். கையொப்பம் எதுவாயினும் வெளிச்சத்தில் மங்கும். ஆகவே யன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். தோற்பந்தில் பூஞ்சணம் பிடித்தால் வெளியே எடுத்துச் சென்று உலர்ந்த துணியால் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். எமது மலையகத்தவரான முத்தையா முரளிதரன் 2010 ஜூலையில் காலியில் 800 ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தினார். கண்டியில் அவருடைய தந்தையாரின் பிஸ்கட் தொழிற்சாலை 1977 கலவரத்தில் எரிக்கப்பட்டது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஒரு பந்துக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்பது புரிகிறது.

கதையையும் எழுதி வையுங்கள்

பொருள் இருந்தும் அதன் கதை தெரியாவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அது வெறும் தகடு. நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? யாழ். மத்திய கல்லூரியின் பழைய மாணவரான அவர் 1958 இல் டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அவர் நாட்டுக்காகப் பாய்ந்த அதே நாட்களில் இங்கே தமிழர்களுக்கு எதிரான 1958 கலவரம் நடந்துகொண்டிருந்தது. பதக்கத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது. யாராவது எழுதி வைத்ததால்தான் தெரிகிறது.

எனவே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சிறு துண்டு எழுதுங்கள். யாருடையது, எந்தப் போட்டி, எந்தப் பாடசாலை அல்லது கழகம், எந்த ஆண்டு, அன்று என்ன நடந்தது, யார் சொன்னது. பேனாவை விடப் பென்சில் நல்லது, ஈரத்தில் ஓடாது. எழுதச் சிரமமானால் மகளையோ பேரப்பிள்ளையையோ எழுதச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளின் வெற்றிகளையும் மறக்காமல் எழுதுங்கள். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2009 இலும் 2018 இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் விளையாடினார். "நீயும் அந்தக் காலத்தில் ஓடினாயாமே அம்மா" என்று மகள் கேட்கும்போது காட்டுவதற்கு உங்களுடைய பழைய சான்றிதழும் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வேறு ஊரில் அல்லது வெளிநாட்டில் உள்ள ஒரு உறவினருக்கும் அனுப்பி வையுங்கள். 1981 இல் யாழ். பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாதவை நிரந்தரமாகவே போயின. ஒரு பொருள் ஒரே இடத்தில் மட்டும் இருப்பது ஆபத்து என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் என்ற இணைய ஆவணக்காப்பகம், பாடசாலை மலர்கள் போன்ற ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் பாதுகாத்து வருகிறது. உங்களிடம் பழைய பாடசாலை மலரோ விளையாட்டுப்போட்டி நிகழ்ச்சிநிரலோ இருந்தால் எறிய வேண்டாம்.

தொலைந்துவிட்டால்?

பொருளே இல்லாத சகோதரிகள் மனம் உடைய வேண்டாம். படித்த பாடசாலை இன்னும் இயங்குமானால் அதிபரையோ விளையாட்டுப் பொறுப்பாசிரியரையோ கேட்டுப் பாருங்கள். பதிவுகள் இருந்தால் உறுதிப்படுத்தும் கடிதம் பெறலாம். அணியில் கூட விளையாடியவர்களிடம் அதே படத்தின் பிரதி இருக்கலாம். பத்திரிகையில் செய்தி வந்திருந்தால், கொழும்பில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகள் பேணப்படுகின்றன. குத்துச்சண்டை வீரர் முகமது அலி 1960 ரோம் ஒலிம்பிக்கில் வென்ற தங்கப் பதக்கத்தை இழந்திருந்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின்போது அவருக்கு அதற்குப் பதிலாக வேறொரு பதக்கம் வழங்கப்பட்டது. கேட்பதில் வெட்கம் ஏதும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வறுமை காரணமாக வெள்ளிக் கிண்ணத்தையோ பதக்கத்தையோ விற்க வேண்டி வரலாம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் வென்ற வெண்கலம் பின்னர் வெள்ளியாக உயர்த்தப்பட்ட சுசந்திகா ஜயசிங்ஹவே, தன் பொருளாதார நிலையைக் கூறி 2017 இல் அந்தப் பதக்கத்தை ஏலம் விடப் போவதாக அறிவித்தார். ஆகவே அப்படி ஒரு நிலை வந்தால் யாரும் உங்களைக் குறை கூற முடியாது. பிள்ளையின் பசி முந்தியது. ஆனால் விற்பதற்கு முன் இரு பக்கங்களையும் படம் எடுங்கள், பொறித்திருக்கும் எழுத்துகளை அப்படியே ஒரு கொப்பியில் எழுதுங்கள், நிறுத்துப் பார்த்து இரண்டு கடைகளில் விலை கேளுங்கள். அவசரத்தைப் பார்த்து விலையைக் குறைப்பவர்கள் எங்கும் உண்டு.

இம்மாதம் எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. ஒரு பெட்டியைத் திறந்து, ஒரு பொருளை எடுத்து, ஒரு துண்டுக் கடதாசியில் அதன் கதையை எழுதி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். தனியே செய்யக் கஷ்டமாக இருந்தால் பக்கத்து வீட்டுச் சகோதரியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு செய்யுங்கள். நீங்கள் எழுதிய கதையை எமக்கும் அனுப்பலாம். பெயர் வேண்டாமென்றால் பெயரில்லாமலே வெளியிடுவோம்.

அடுத்த மாதம் வேறொரு பயனுள்ள விடயத்தோடு சந்திப்போம்.